ஒரு தையல் கடையை நகரம் எதைக் கொண்டு அளக்கிறது?

எங்கள் தெருவில் ஓர் அக்கா தம் வீட்டு முன்னறையில் பதினோரு ஆண்டுகளாகத் துணி தைக்கிறார். ஒரே இயந்திரம். ஜூன் மாதம் பள்ளிச் சீருடை, தீபாவளிக்கு முன் ரவிக்கை, மற்ற நாட்களில் கிழிசலும் ஓரமடிப்பும். சென்ற ஆண்டு இன்னும் இரண்டு இயந்திரங்கள் வாங்கி, பக்கத்துத் தெருப் பெண்கள் இருவரை வேலைக்கு வைத்துக்கொள்ள நினைத்தார். கட்டட வரைபடம் போட்டு அனுமதி வாங்கித் தருவது என் தொழில் என்பதால் என்னிடம் வந்தார். "தம்பி, இதற்கு யாரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும்?"

எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். உறுதிப்படுத்திக்கொள்ளலாமே என்று மூன்று மேசைகளில் கேட்டேன். முதல் மேசையில், இதற்கெல்லாம் அனுமதி எதற்கு என்றார்கள். இரண்டாவது மேசையில், கட்டடத்தின் பயன்பாடு மாறுகிறது, புதிதாகத் திட்ட அனுமதி வாங்க வேண்டும் என்றார்கள். மூன்றாவது மேசையில் இருந்தவர் நல்ல மனிதர். குரலைத் தாழ்த்தி, "யாராவது புகார் கொடுக்கும் வரை எதையும் கேட்காமல் இருப்பதுதான் அவருக்கு நல்லது" என்றார். அந்த மூன்றாவது பதிலை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய் அக்காவிடம் சொன்னேன். இருபது ஆண்டுத் தொழிலில் நான் வெட்கப்பட்ட நாட்களில் அதுவும் ஒன்று.

நகரில் எந்த நிலம் எதற்குப் பயன்படலாம் என்று வகுக்கும் ஏடு முழுமைத் திட்டம், அதாவது மாஸ்டர் பிளான். சென்னையின் இரண்டாவது முழுமைத் திட்டம் 2008 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதன் காலவரை 2026. மூன்றாவது திட்டம் 2027 முதல் 2046 வரைக்கானது. அது எழுதப்படும்போது மேம்பாலங்களையும் மெட்ரோ பாதைகளையும் பற்றிப் பேச நிறையப் பேர் இருப்பார்கள். முன்னறைத் தையல் கடைக்கு நகரம் என்ன பதில் சொல்ல வேண்டும் என்பதும் அதே ஏட்டில்தான் முடிவாகிறது. அந்த முடிவுக்கு நம் முன் என்னென்ன வழிகள் இருக்கின்றன என்று பார்க்க, அக்காவின் ஒரே கேள்வியை ஐந்து நகரங்களிடம் கேட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு நகரமும் அதே கடையை வேறொரு அளவுகோலால் அளக்கிறது.

முதலில் நம் ஊர். முழுமைத் திட்டம் நிலத்தை முதன்மைக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம், தொழில், நிறுவனம், திறந்தவெளி, விவசாயம் என்று பிரிக்கிறது. ஒவ்வொரு மண்டலத்திலும் எது ஆகலாம் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. முதன்மைக் குடியிருப்புப் பட்டியலில் பெட்டிக்கடை, பால் பூத், சைக்கிள் பழுதுபார்க்கும் கடை எல்லாம் வருகின்றன. தையல் கடையும் வருகிறது, ஆனால் ஒருவர் மட்டும் இருந்து நடத்தும் தையல் கடை. அந்த வரியை எழுதியவர் இரக்கத்தோடுதான் எழுதியிருப்பார். தெருமுனையில் ஒற்றை இயந்திரத்தோடு உட்கார்ந்திருக்கும் டெய்லர் அவர் கண்முன் இருந்திருப்பார். ஆனால் இரண்டாவது ஆள் வந்து உட்கார்ந்த நிமிடத்தில் அது என்னவாகிறது? கடையா, குடிசைத் தொழிலா, தொழிற்கூடமா? எந்த மேசையில் கேட்கிறோம் என்பதைப் பொறுத்து பதில் மாறுகிறது. தொழில் உரிமம் மாநகராட்சியின் ஒரு பிரிவிடம், சொத்துவரி இன்னொரு பிரிவிடம், மின் இணைப்பின் கட்டண வகை மின்வாரியத்திடம். ஒவ்வொருவரும் தனித்தனியாக வந்து, தனித்தனியாக ஒரு முடிவுக்கு வருகிறார்கள்.

பட்டியலில் இல்லாத ஒன்றைச் சட்டப்படி செய்ய வேண்டுமானால் நிலப் பயன்பாட்டு மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். இடத்தை ஆய்வு செய்வார்கள், தொழில்நுட்பக் குழு பார்க்கும், நாளிதழில் விளம்பரம் கொடுத்து ஆட்சேபம் கேட்பார்கள், சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் முடிவெடுக்கும், அரசிதழில் வரும். ஏக்கர் கணக்கில் நிலம் வைத்திருப்பவருக்கு இது ஒரு செலவினம், அவ்வளவுதான். இரண்டு தையல் இயந்திரத்துக்கு இது கதவே அல்ல.

இனி டோக்கியோ. ஜப்பானில் மண்டல விதிகளை நகரங்கள் தங்கள் இஷ்டத்துக்கு எழுதுவதில்லை. நாடு முழுவதற்கும் ஒரே தொகுப்பு. 1992-ல் 12 வகை மண்டலங்கள் வகுக்கப்பட்டன, 2018-ல் மேலும் ஒரு வகையைச் சேர்த்ததில் 13 ஆயின. எந்த இடத்துக்கு எந்த வகை என்பதை மட்டும் உள்ளாட்சி அமைப்புகள் வரைபடத்தில் குறிக்கும். ஹொக்கைடோவில் வரைபடம் போடுபவரும் ஒக்கினாவாவில் வரைபடம் போடுபவரும் ஒரே விதியைப் படிக்கிறார்கள். தமிழ்நாட்டில் 2019-ல் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் வந்தபோது என் போன்றவர்கள் மகிழ்ந்ததன் காரணம் இதுதான். அதற்கு முன் சென்னைக்கு ஒன்று, மாநகராட்சிக்கு ஒன்று, ஊராட்சிக்கு ஒன்று என்று தனித்தனி விதிப்புத்தகங்களோடு அலைந்தோம்.

அந்த 13-ல் மிகக் கடுமையானது முதல் வகைத் தாழ்மாடிக் குடியிருப்பு மண்டலம். வீட்டின் உயரம் 10 அல்லது 12 மீட்டரைத் தாண்டக் கூடாது. தனிக் கடைக்கு அங்கே இடமில்லை. ஆனால் வீட்டோடு சேர்ந்த கடைக்கு இடம் உண்டு. கடைப் பகுதி 50 சதுர மீட்டருக்குள், அதாவது ஏறக்குறைய 540 சதுர அடிக்குள் இருக்க வேண்டும். வீட்டின் மொத்தத் தளப்பரப்பில் பாதிக்கும் குறைவாக இருக்க வேண்டும். முடிதிருத்தகம், டியூஷன் வகுப்பு, சிறிய உணவகம், ரொட்டிக் கடை, டோஃபு கடை, துணி தைக்கும் கடை எல்லாமே இதில் அடங்கும். தையல் கடைக்கும் சைக்கிள் கடைக்கும் டோஃபு கடைக்கும் கூடுதலாக ஒரு நிபந்தனை: அங்கே ஓடும் மோட்டார்களின் மொத்தத் திறன் 0.75 கிலோவாட்டுக்குள் இருக்க வேண்டும்.

இந்த எண்ணைப் படித்தபோது நான் சற்று நேரம் நிறுத்திவிட்டு யோசித்தேன். 0.75 கிலோவாட் என்பது ஒரு குதிரைத்திறன், நம் வீட்டுக் கிணற்று மோட்டார் அளவு. வீட்டுத் தையல் இயந்திரத்தின் மோட்டார் 100 வாட்டை ஒட்டித்தான் இருக்கும். ஆகவே அக்காவின் மூன்று இயந்திரங்களும் எந்தத் தடையும் இல்லாமல் ஓடலாம். உள்ளே எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அந்த விதி கேட்கவில்லை. பக்கத்து வீட்டுச் சுவருக்கு எவ்வளவு அதிர்வு போகும், தெருவுக்கு எவ்வளவு கூட்டம் வரும் என்று கேட்கிறது. அண்டை வீட்டாருக்கு எது தொல்லையோ அதை அளக்கிறது. அந்த அளவுக்குள் இருக்கும் வரை யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. இவ்வளவு சிறிய கடைக்குப் பயன்பாட்டு மாற்ற விண்ணப்பமே தேவையில்லை.

இன்னொன்றும் கவனிக்க வேண்டியது. ஜப்பானிய மண்டலங்கள் ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் பாத்திரங்களைப் போல அடுக்கப்பட்டவை. அமைதியான மண்டலத்தில் ஆகும் வீடு, இரைச்சலான மண்டலத்திலும் ஆகும். முழுத் தொழில் மண்டலம் ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் வீடு கட்டலாம். வணிக மண்டலத்தில் வீடு கட்டினால் குற்றம் என்ற நிலை அங்கே இல்லை.

"ஜப்பானில் சாலை இருக்கிறது, சாக்கடை இருக்கிறது, மக்கள் விதிக்குக் கட்டுப்படுவார்கள், நம்மூரில் நடக்குமா?" என்று என் தொழில் நண்பர்கள் கேட்கிறார்கள். டோக்கியோவின் பழைய பகுதிகளில் திருவல்லிக்கேணிச் சந்துகளைப் போன்றே குறுகிய தெருக்கள் இருக்கின்றன. அதற்கும் அவர்கள் ஒரு விதி வைத்திருக்கிறார்கள். வீட்டுமனை 4 மீட்டர் அகலமுள்ள சாலையை ஒட்டியிருக்க வேண்டும். தெரு அதைவிடக் குறுகலாக இருந்தால், வீட்டை இடித்துக் கட்டும்போது தெருவின் நடுக்கோட்டிலிருந்து 2 மீட்டர் தள்ளிக் கட்ட வேண்டும். ஒவ்வொரு வீடாகப் புதுப்பிக்கப்படும்போது தெரு தானாக அகலமாகிறது. நிலம் கையகப்படுத்தல் இல்லை, நீதிமன்றம் இல்லை. இரண்டு தலைமுறை பொறுமை மட்டும் வேண்டும்.

குறை இல்லாமல் இல்லை. 1998-ல் சட்டத்தைத் திருத்தி, கட்டட வரைபடங்களைச் சரிபார்க்கும் வேலையைத் தனியார் நிறுவனங்களும் செய்யலாம் என்றார்கள். 2005-ல் ஒரு கட்டடக் கலைஞர் நிலநடுக்கத் தாங்குதிறன் கணக்குகளைப் பொய்யாகத் தயாரித்தது வெளிவந்தது. சரிபார்த்தவர்கள் அதைக் கவனிக்கவில்லை. அதன்பின் பரிசீலனையை இறுக்கினார்கள். என்ன ஆகலாம் என்பதைச் சுலபமாக்கலாம், கட்டடம் நிற்குமா என்பதைச் சுலபமாக்கக் கூடாது என்பது எனக்கு அதிலிருந்து கிடைத்த பாடம். 2014 ஜூன் 28 அன்று மௌலிவாக்கத்தில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்த ஊர்க்காரர்கள் நாம். நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

சிங்கப்பூரில் அக்காவின் கேள்விக்குப் பதில் ஒரு பக்கத்தில் அச்சடித்துக் கிடைக்கும். அங்கே ஏறக்குறைய ஐந்தில் நான்கு பேர் வீட்டு வசதி வாரிய அடுக்குமாடிகளில் வாழ்கிறார்கள். வீட்டில் தையல், பலகாரம் செய்தல், டியூஷன் போன்ற சிறுதொழில் நடத்த முன் அனுமதியே வேண்டாம். ஆனால் வரம்புகள் தெளிவானவை. அந்த வீட்டில் குடியிருப்பவர்கள் மட்டுமே வேலை செய்யலாம். டியூஷன் என்றால் ஒரு நேரத்தில் மூன்று மாணவர்களுக்கு மேல் கூடாது. வெளியே விளம்பரப் பலகை மாட்டக் கூடாது. அலுவலக வேலை போன்றவற்றுக்கு வேறொரு திட்டம் உண்டு. அதில் பதிவு செய்துகொண்டால் வெளியாட்கள் இருவர் வரை வந்து வேலை செய்யலாம். தைப்பது அதில் சேராது. ஆக, அக்கா சிங்கப்பூரில் தம் இரண்டு உதவியாளர்களை வீட்டுக்குள் வைத்துக்கொள்ள முடியாது. கீழ்த்தளத்திலோ பக்கத்து வளாகத்திலோ கடை எடுக்கச் சொல்வார்கள். அந்தக் கடைகளைக் குடியிருப்பைத் திட்டமிடும்போதே சேர்த்துத் திட்டமிட்டிருப்பார்கள் என்பதால் அது வெறும் வாய்ச்சொல்லாக இருக்காது.

சிங்கப்பூரிடம் நான் பொறாமைப்படுவது வரைபடத்துக்காக. ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் என்ன பயன்பாடு, எவ்வளவு தளப்பரப்பு என்பது எவரும் பார்க்கும்படி இருக்கிறது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை திட்டத்தை மறுபரிசீலனை செய்கிறார்கள். நம்முடைய இரண்டாவது திட்டம் 18 ஆண்டுகளுக்கானது. ஓ.எம்.ஆர். சாலை அந்த 18 ஆண்டில் எத்தனை முறை முகம் மாறியது என்று அங்கே குடியிருப்பவரைக் கேளுங்கள். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. அங்கே நிலத்தின் பெரும்பகுதி அரசுடையது. நில உரிமையாளரும் விதி எழுதுபவரும் ஒருவரே என்றால் பல சிக்கல்கள் பிறப்பதே இல்லை. பட்டாவும் கூட்டுப்பட்டாவும் பாகப்பிரிவினை வழக்கும் நிறைந்த நம் நிலத்தில் அந்த முறையை அப்படியே நட முடியாது.

எளிய விதி எவ்வளவு காலம் நிற்கும் என்பதற்கும் அந்த ஊரே சாட்சி. 1822-ல் ஆங்கிலேய நிர்வாகி ராஃபிள்ஸ் நகரத் திட்டம் வகுத்தபோது, கடைவீடுகளின் முன்புறம் கூரையோடு கூடிய நடைபாதையை ஒரே சீராக விட வேண்டும் என்றார். சிங்கப்பூர், மலேசியத் தமிழர்கள் அதை அஞ்சடி என்று அழைக்கிறார்கள். லிட்டில் இந்தியாவில் மழைக்கு ஒதுங்கி நடக்கும் எவரும் இருநூறு ஆண்டு பழைய அந்த விதிக்குள்தான் நடக்கிறார்கள்.

ஹூஸ்டன் நேர் எதிர். அமெரிக்காவின் பெருநகரங்களில் நிலப் பயன்பாட்டு மண்டலமே இல்லாத நகரம் அது ஒன்றுதான். 1948, 1962, 1993 என்று மூன்று முறை மக்களிடம் வாக்குக்கு விட்டார்கள், மூன்று முறையும் மண்டலம் தோற்றது. இதைக் கேட்கும்போது நம்மூர் மனைப்பிரிவுக்காரர்களுக்கு ஆசை வரும். ஆனால் அங்கே கட்டுப்பாடு இல்லை என்று நினைத்தால் தவறு. மனையின் குறைந்தபட்சப் பரப்பு, வாகன நிறுத்தம், சாலையிலிருந்து விட வேண்டிய இடைவெளி என்று விதிகள் உண்டு. அவற்றைவிட வலிமையானவை பத்திர நிபந்தனைகள். மனைப்பிரிவு போட்டவர் பல பத்தாண்டுகளுக்கு முன் கிரயப் பத்திரத்தில் எழுதிய நிபந்தனைகள் வாங்குபவர் எல்லோரையும் கட்டுப்படுத்தும். யாராவது மீறினால் அண்டை வீட்டார் வழக்குப் போடலாம். நகர நிர்வாகமே தன் வழக்கறிஞர்களைக் கொண்டும் வழக்குப் போடும்.

ஆகவே ஹூஸ்டனில் அக்காவின் கேள்விக்குப் பதில், அவர் வீட்டின் பழைய பத்திரத்தில் இருக்கிறது. வசதியானவர்கள் வாழும் பகுதிகளில் சங்கங்கள் வலுவானவை. நிபந்தனை காலாவதியாகும் முன் கையெழுத்து வாங்கிப் புதுப்பித்துவிடுவார்கள். ஏழைகள் வாழும் பகுதிகளில் அதற்கு ஆளும் நேரமும் பணமும் இல்லை, நிபந்தனைகள் அப்படியே செத்துப்போகின்றன. தையல் கடை வரலாம் என்பது நல்லதுதான். அதே சுலபத்தோடு பழைய இரும்புக் கிடங்கும் வரலாம். பாதுகாப்பை விலைக்கு வாங்க முடிந்தவர்களுக்கு மட்டும் பாதுகாப்பு என்பதை ஒரு நகரத்தின் விதியாக என்னால் ஏற்க முடியாது.

ஹூஸ்டனிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. 1998-ல் நகரின் உள்வட்டச் சாலைக்குள் ஒரு வீட்டுக்குத் தேவையான குறைந்தபட்ச மனையை 5,000 சதுர அடியிலிருந்து 1,400 சதுர அடியாகக் குறைத்தார்கள். நம் கணக்கில் இரண்டு கிரவுண்டுக்கு மேல் வேண்டியிருந்தது, முக்கால் கிரவுண்டுக்கும் குறைவாக ஆயிற்று. 2013-ல் அதை நகரம் முழுவதற்கும் விரித்தார்கள். ஒரு வீடு நின்ற இடத்தில் மூன்று வீடுகள் வந்தன. நடுத்தர வருமானக்காரர்களால் ஊருக்குள்ளேயே வீடு வாங்க முடிந்தது. விதிப்புத்தகத்தில் ஓர் எண்ணை மாற்றியதன் விளைவு அது.

டெல்லியைப் பற்றி எழுதும்போது எனக்குக் கை நடுங்குகிறது, ஏனென்றால் நாம் போய்க்கொண்டிருக்கும் வழி அதுவாக இருக்கலாம். டெல்லியின் திட்டம் கடுமையானது. வீடு வீடாகவும் கடை கடையாகவும் இருக்க வேண்டும் என்று எழுதியது. பல பத்தாண்டுகள் யாரும் அதைச் செயல்படுத்தவில்லை. குடியிருப்புத் தெருக்கள் கடைத்தெருக்கள் ஆயின. மாமூல் வாங்குபவர் வாங்கிக்கொண்டிருந்தார். 2006 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், குடியிருப்புகளில் இருக்கும் கடைகளுக்குச் சீல் வைக்க உத்தரவிட்டது; கண்காணிப்புக் குழுவையும் அமைத்தது. கடையடைப்பு, கல்வீச்சு, துப்பாக்கிச் சூடு, உயிர்ப்பலி என்று அந்த ஆண்டு கழிந்தது. அதன்பின் அவசர அவசரமாக 2,000-க்கும் மேற்பட்ட தெருக்களைக் கலப்புப் பயன்பாட்டுக்கும் வணிகத்துக்கும் திறந்துவிட்டார்கள். நாடாளுமன்றம் ஒரு பாதுகாப்புச் சட்டத்தை ஓராண்டுக்கு என்று கொண்டுவந்தது. அந்த ஓராண்டு நீட்டிக்கப்பட்டு நீட்டிக்கப்பட்டு 2026 டிசம்பர் 31 வரை வந்து நிற்கிறது. 2017 இறுதியில் சீல் வைப்பு மறுபடியும் தொடங்கியது. தனக்கு உரிமை இருக்கிறதா இல்லையா என்று தெரியாமலே ஒரு தலைமுறை வியாபாரிகள் கடை நடத்தி வயதாகிவிட்டார்கள்.

இத்தனைக்கும் நடுவே 2007-ன் முழுமைத் திட்டத்தில் ஓர் அருமையான சிறு பிரிவு இருக்கிறது. குடியிருப்புக் கட்டடத்தின் தரைத்தளத்தில் 20 சதுர மீட்டருக்குள், குறிப்பிட்ட சில பொருள்களுக்கும் சேவைகளுக்கும் கடை வைக்கலாம். காய்கறி, பால், இஸ்திரி, தையல் அந்தப் பட்டியலில் உண்டு. 215 சதுர அடிக்குள் மூன்று இயந்திரம் போட முடியும். அந்தப் பிரிவு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்டிருந்தால் பாதித் துயரம் வந்திருக்காது என்று நம்புகிறேன்.

நாம் சீல் வைப்பதற்குப் பதிலாக வேறொன்றைச் செய்தோம், வரைமுறைப்படுத்தினோம். 1999 பிப்ரவரி 28 வரை கட்டிய விதிமீறல் கட்டடங்களுக்குக் கட்டணம் கட்டினால் மன்னிப்பு என்று ஒரு திட்டம் வந்தது. காலக்கெடு பின்னர் தள்ளித் தள்ளிப் போனது. நீதிமன்றம் அந்த நீட்டிப்புகளை ஏற்கவில்லை. பிறகு 2007 ஜூலை 1-க்கு முந்தைய கட்டடங்களுக்கு இன்னொரு திட்டம். 2016 அக்டோபர் 20-க்கு முந்தைய அங்கீகாரமற்ற மனைகளுக்கு 2017-ல் மற்றொன்று. கடைசித் திட்டத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஏமாந்து மனை வாங்கிய லட்சக்கணக்கான எளியவர்களுக்கு வேறு வழியில்லை. ஆனால் விதியை மதித்துக் காத்திருந்தவரைவிட மீறிவிட்டு மன்னிப்புக்குக் காத்திருந்தவர் லாபமடைந்தார் என்பதை என் வாடிக்கையாளர்கள் எல்லோரும் கற்றுக்கொண்டார்கள். தியாகராய நகர் 1920-களில் குடியிருப்புக்காகத் திட்டமிடப்பட்ட நகர். அங்கே சிறு கடைகள் வந்தது தவறல்ல. அவை ஏழெட்டு மாடிகளாக உயர்ந்தபோது நாம் கண்ணை மூடிக்கொண்டது தவறு. 2017 மே மாதம் அங்கே ஒரு பெரிய துணிக்கடைக் கட்டடம் ஒரு நாளுக்கும் மேலாக எரிந்ததை ஊரே பார்த்தது. தீயணைப்பு வண்டி சுற்றிவர இடமில்லாத கட்டடங்கள் இன்னும் எத்தனை!

இங்கேதான் என் மனத்தில் உள்ள பெரிய ஆதங்கத்தைச் சொல்ல வேண்டும். சென்னையின் விதிகள் இறுக வேண்டிய இடத்தில் தளர்ந்தும், தளர வேண்டிய இடத்தில் இறுகியும் இருக்கின்றன. முன்னறையில் இரண்டாவது தையல் இயந்திரத்துக்கு ஆள் எண்ணுகிறோம். நீர் தேங்கும் நிலத்தில் அடுக்குமாடிக்கு வழிவிடுகிறோம். பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்குள் குப்பைக்கிடங்கு வந்தது, அரசு நிறுவனங்களின் வளாகங்கள் வந்தன, சாலைகள் வந்தன. எஞ்சியதில் ஒரு பகுதி 2007-ல் காப்புக்காடு ஆயிற்று. 2022-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சர் தகுதி கிடைத்தது. நுங்கம்பாக்கம் ஏரியில் வள்ளுவர் கோட்டம் நிற்கிறது. மாம்பலம் ஏரி இருந்த இடத்தில்தான் தியாகராய நகரே எழுந்தது. 2015 டிசம்பரில் தண்ணீர் தன் பழைய முகவரியைத் தேடி வந்தபோது, மண்டல வரைபடத்தில் அந்த இடங்களில் பல குடியிருப்பு என்றே நிறமடிக்கப்பட்டிருந்தன.

ஹூஸ்டனும் இதே தண்டனையை அனுபவித்தது. நகரின் மேற்கே ஆடிக்ஸ், பார்க்கர் என்ற இரு வெள்ளத்தடுப்பு அணைகள் 1940-களில் கட்டப்பட்டவை. அவற்றின் நீர்தேங்கு பரப்புக்குள்ளேயே பிற்காலத்தில் வீடுகள் எழுந்தன. 2017 ஆகஸ்ட் மாத ஹார்வி புயலில் அணைநீர் பின்னேறி அந்த வீடுகளுக்குள் புகுந்தது. மண்டலம் இல்லாத நகரத்துக்கும் மண்டலம் வைத்திருந்த நகரத்துக்கும் வெள்ளத்தில் ஒரே கதி. ஆகவே மண்டலம் வேண்டுமா வேண்டாமா என்று வாதிடுவதில் எனக்கு ஆர்வம் இல்லை. எதை அளக்கிறோம் என்பதில்தான் இருக்கிறது.

இந்த ஐந்தில் எதைத் தேர்வது என்று கேட்டால், அன்றாடச் சிறு பயன்பாடுகளுக்கு டோக்கியோவின் அளவுகோலைத்தான் தேர்வேன். பெயர்ப் பட்டியலை விட்டுவிட்டு, பரப்பு, மோட்டார் திறன், இயங்கும் நேரம் ஆகிய மூன்றையும் எழுதிவைக்க வேண்டும். வீட்டில் பாதிக்கும் குறைவு, 50 சதுர மீட்டருக்குள், ஒரு குதிரைத்திறனுக்குள், இரவு எட்டு மணிக்குள் என்றால் அது உரிமை. விண்ணப்பம் வேண்டாம், அறிவிப்புப் போதும். இது நம்மால் முடியாத காரியமும் அல்ல. 2024 ஜூலையில் தமிழ்நாடு அரசு சுயசான்று முறையைக் கொண்டுவந்தது. 2,500 சதுர அடி வரையிலான மனையில், 3,500 சதுர அடிக்குள், தரைத்தளமும் முதல் தளமும் கொண்ட வீட்டுக்கு இணையத்தில் உடனடி அனுமதி. முன்பு மாதக்கணக்கில் அலைந்த என் வாடிக்கையாளர் ஒருவர் அனுமதித் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, இது உண்மையானதுதானா என்று என்னிடம் இரண்டு முறை கேட்டார். அதே வாசலில் முன்னறைக் கடைக்கும் ஓர் அறிவிப்புப் படிவத்தை வைக்கலாம். அந்த ஒரு படிவமே தொழில் உரிமத்துக்கும் சொத்துவரிக்கும் மின் கட்டண வகைக்கும் செல்லட்டும்.

உணவகம், திருமண மண்டபம், படுக்கை வசதியுள்ள மருத்துவமனை, பள்ளி போன்ற நடுத்தர அளவுப் பயன்பாடுகளை இப்படி விட்டுவிட மாட்டேன். கழிவுநீர், வாகனம், கூட்டம் என்று தெருவுக்கே சுமை வரும் இடம் அது. நாளிதழின் மூலையில் எவரும் படிக்காத விளம்பரம் போடுவதற்குப் பதிலாக, அந்த இடத்திலேயே பெரிய எழுத்தில் பலகை வைத்து, தெருக்காரர்களை அழைத்துக் கேட்க வேண்டும். அதிகாரிகளின் நேரத்தை இங்கே செலவிடட்டும். தையல் இயந்திரத்தை எண்ணுவதில் செலவிட வேண்டாம்.

வரைபடத்துக்குச் சிங்கப்பூரைப் பின்பற்றலாம். சர்வே எண்ணைத் தட்டினால் நிலப் பயன்பாடு மட்டும் தெரிந்தால் போதாது. அந்த இடம் ஏரியின் நீர்ப்பிடிப்பா, வாய்க்கால் போகும் தடமா, 2015-ல் நீர் நின்ற பகுதியா என்பதும் சேர்ந்து தெரிய வேண்டும். அப்படிப்பட்ட இடங்களில் வகைமாற்றம் என்ற வாசலே இருக்கக் கூடாது. அரசுக்கும் இருக்கக் கூடாது. 2022 அக்டோபரில் சென்னைப் பெருநகரப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிந்தது. புதிதாகச் சேர்ந்த நிலத்தில் ஏரிகளும் தாங்கல்களும் இன்னும் உயிரோடு இருக்கின்றன. அவற்றுக்கு முதலில் நிறமடித்துவிட்டுப் பிறகு மற்றதற்கு வரலாம்.

என் யோசனைக்கும் ஆட்சேபம் உண்டு என்பது தெரியும். எங்கள் குடியிருப்போர் சங்கச் செயலர் பெரியவர். "தம்பி, இன்றைக்கு மூன்று இயந்திரம் என்பாய், நாளைக்கு முப்பது வரும்" என்றார். அவர் பயம் நியாயமானது. அவர் வாழ்நாளில் பார்த்ததெல்லாம் அதுதான். முப்பது வந்தால் தடுப்பதற்கு அளக்கக்கூடிய ஒரு வரம்பு வேண்டும் ஐயா, இப்போது நம்மிடம் இருப்பது யாரும் அளக்காத ஒரு வரம்பு என்றேன். மோட்டார் திறனை மின்வாரிய ஊழியர் பார்த்துச் சொல்லிவிடலாம். பரப்பை நாடாவால் அளந்துவிடலாம். அவர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டு நாள் கழித்து அழைத்து, இரவு எட்டு மணி என்பதை ஏழாக்க முடியுமா என்று கேட்டார்.

முழுமைத் திட்டத்தின் வரைவை வெளியிட்டு மக்களின் கருத்தையும் ஆட்சேபத்தையும் கேட்பது சட்டப்படியான கடமை. அந்த நாளுக்காக நான் ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். மேலே சொன்னவைதான், இரண்டு பக்கத்தில். முதல் பிரதியை அக்காவிடம் படித்துக் காட்டினேன். கால் மிதியிலிருந்து பாதத்தை எடுத்துவிட்டு முழுவதையும் கேட்டார். பரப்பு சரி, மோட்டார் சரி, நேரமும் சரி என்றார். பிறகு, சிங்கப்பூரில் பலகை மாட்டக் கூடாது என்று சொன்னாயே, அதை மட்டும் இங்கே கொண்டுவந்துவிடாதே என்றார். பதினோரு ஆண்டுகளாக அவர் வீட்டு வாசலில் பெயர்ப்பலகை இல்லை. மாட்டினால் யார் கண்ணிலாவது படும் என்ற பயம். மனுவின் முடிவில் ஒரு வரி சேர்த்தேன்: இரண்டடிக்கு ஓரடி அளவில் கடையின் பெயரை வாசலில் எழுதி வைக்க அனுமதிக்க வேண்டும்.